மெட்டா நைட் தடை: 35 பிடியோடு பிரச்சினை முடிந்ததாமே!

கடைசிஸ்டாக்:
ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் ஸ்டீவ் என்ற கேரக்டரைத் தடை செய்யலாமா என்ற இழையில் மூன்றடிமூர்த்தி போகிற போக்கில் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "பிராலில் (அதே தொடரின் 2008 விளையாட்டு) மெட்டா நைட் என்ற கேரக்டரைத் தடை செய்ததே வெட்டி வேலை. லெட்ஜ் (மேடை விளிம்பு) பிடிக்க வரம்பு வைத்ததும் பிரச்சினை முடிந்துவிட்டது. மீதியெல்லாம் தோற்றவர்களின் ஒப்பாரி." அங்கே பேச்சு திசைமாறும் என்பதால் இங்கே தனியாகக் கேட்கிறேன். எங்கே சார் முடிந்தது?

பிராலில் லெட்ஜைப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் அடிபடாது. விட்டுவிட்டு மறுபடி பிடித்தால் அந்தச் சலுகை மறுபடி புதிதாகக் கிடைக்கும். மெட்டா நைட்டுக்குக் காற்றிலேயே ஐந்து ஜம்ப். கையை விடு, மேல்நோக்கி ஒரு வெட்டு, ஒரு ஜம்ப், திரும்பப் பிடி. மேலே நிற்பவன் குனிந்து அடிக்க வந்தால் வாள் அவனுக்குத்தான். 8 நிமிட ஆட்டம், ஆளுக்கு 3 ஸ்டாக், அதாவது உயிர். நேரம் முடியும்போது ஸ்டாக் சமமென்றால் வாங்கிய சேதத்தின் சதவீதம் குறைவாக இருப்பவனுக்கு வெற்றி. ஒரு அடி முன்னிலை எடுத்துவிட்டு லெட்ஜில் தொங்கினால் போதும்.

இதற்கு வைத்தியம் என்று பல போட்டிகளில் மெட்டா நைட்டுக்கு 35 பிடி வரம்பு வைத்தார்கள். ஒரு பிடிக்கு 3 விநாடி என்று வையுங்கள். 105 விநாடி. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் சட்டப்படியே தொங்கலாம். இதுதான் முடிந்துபோன பிரச்சினையா?

மூன்றடிமூர்த்தி:
வந்துவிட்டார் நீதிபதி. 3 விநாடி என்று எந்த ஜோசியர் சொன்னார்? பிளாங்கிங் (இப்படித் தொங்கியே நேரம் கடத்துவது) செய்கிறவன் லெட்ஜில் உட்கார்ந்து காற்று வாங்குவதில்லை. பிடித்த வேகத்தில் விடுகிறான். ஒரு சுற்றுக்கு ஒன்றரை விநாடி என்றால் உங்கள் 105 பாதியாகி 52 ஆகிறது. 480 விநாடி ஆட்டத்தில் 52. இதற்காக ஒரு கேரக்டரையே தூக்குவீர்களா?

உண்மையான கோளாறு ஸ்டேஜ் (ஆடும் மேடை) பட்டியலில் இருந்தது. அமெரிக்காவில் ரெயின்போ குரூஸையும் பிரின்ஸ்டாரையும் கவுண்டர்பிக்காக, அதாவது தோற்றவன் அடுத்த ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும் ஸ்டேஜாக, விட்டுவைத்தார்கள். ஒன்றில் ஸ்டேஜே நகரும். இன்னொன்றில் அமிலம் ஏறி வரும். தரையில் ஆடுகிறவன் திண்டாடும்போது ஐந்து ஜம்ப் உள்ளவன் ஜாலியாக மேலே சுற்றுவான். எதிராளிக்கு ஒரே ஒரு ஸ்டேஜ் தடைதான். ரெயின்போ குரூஸை அடித்தால் பிரின்ஸ்டார், பிரின்ஸ்டாரை அடித்தால் ரெயின்போ குரூஸ். ஜப்பானில் பட்டியல் சின்னது, அங்கே தடையும் வரவில்லை. ஸ்டேஜை வெட்டியிருந்தால் கேரக்டரை வெட்ட வேண்டியதில்லை.

கடைசிஸ்டாக்:
ஒன்றரை விநாடியா? சரி, உங்கள் கணக்கே இருக்கட்டும். ஒரே மூச்சில் 35 தடவை பிடிப்பான் என்று யார் சொன்னது? பத்து தடவை பிடிக்கிறான். பிறகு கிளைடு போட்டு (சிறகு விரித்து மிதந்து) ஸ்டேஜுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போகிறான். அதுதான் ஸ்க்ரூஜிங். அடியில் பறக்கும் நேரத்துக்கு எண்ணிக்கை ஏறுமா? ஏறாது. மறுபக்கம் போய்ப் பிடித்தால் ஒன்றே ஒன்று. 105 என்பதே நான் தாராளமாகக் குறைத்துச் சொன்னது.

அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. வரம்பு பொருந்துவது ஆட்டம் டைம் அவுட் ஆனால் மட்டும். எண்ணிக்கை தெரிவது ஆட்டம் முடிந்த பின் முடிவுத் திரையில். 34 ஆனதா 36 ஆனதா என்று ஆடும்போது யாருக்கும் தெரியாது. பொறுமையிழந்த எதிராளி கீழே குதித்து வந்து கடைசி ஸ்டாக்கை இழந்தால் 60 தடவை பிடித்திருந்தாலும் கேள்வி கிடையாது. இந்த விதியை எழுதியவர்கள் இதை யோசித்தார்களா என்றே சந்தேகம்.

நானாபோபோ:
ஐஸ் கிளைம்பர்ஸை, போபோ-நானா என்று இரண்டு பேர் சேர்ந்த கேரக்டரை, எல்லோரும் மறந்துவிட்டீர்களே. ஒருவன் எதிராளியைப் பிடிக்க, எறிய, மற்றவள் அதே இடத்தில் பிடிக்க, 0 சதவீதத்திலிருந்து சாகும்வரை இழுத்துக்கொண்டே போகலாம். தட்டையான ஸ்டேஜான ஃபைனல் டெஸ்டினேஷனில் ஒரே ஒரு பிடி கிடைத்தால் மெட்டா நைட்டின் ஸ்டாக் காலி. தோற்கும் மேட்ச்-அப்பே இல்லாத கேரக்டர் என்று கதை கட்டாதீர்கள்.

கடைசிஸ்டாக்:
ஒரே ஒரு பிடி கிடைத்தால்! அந்த ஒரு பிடியை வாங்கித் தருவது யார்? மெட்டா நைட் டொர்னாடோ (சுழல் தாக்குதல்) போட்டு நானாவைப் பிரித்துவிட்டால் தனி போபோவால் அந்தச் சங்கிலியை ஆரம்பிக்கவே முடியாது. நானா செத்துவிட்டால் அந்த ஸ்டாக் முழுக்க அரை கேரக்டர். அப்புறம் தோற்றவன் அடுத்த ஆட்டத்துக்கு உங்களை மூர்த்தியின் செல்ல ஸ்டேஜான ரெயின்போ குரூஸுக்குக் கூட்டிப்போவான். நகரும் ஸ்டேஜில் இரண்டு பேரையும் சேர்த்து மேய்த்துப் பாருங்கள்.

மூன்றடிமூர்த்தி:
என் செல்ல ஸ்டேஜா? அதை வெட்டச் சொன்னவனே நான்தான். நாலு வரி மேலே ஏறிப் படிக்கவும். படிக்காமலே பதில் போடுகிற வியாதி ஸ்டீவ் இழையிலிருந்தே உங்களுக்கு இருக்கிறது.

105 இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

மௌனகுரு:
ஒரு சின்னச் சந்தேகம். தடைக்குத் தகுதி எது என்று முதலில் பேசிக்கொள்ளலாமா? ஜெயிப்பது அதிகமென்றால் தடையா, வேறு கேரக்டர் எடுக்கவே முடியாத நிலை வந்தால் தடையா, ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லையென்றால் தடையா? ஆளுக்கொன்றை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதாகத் தெரிகிறது.

பழையசகாட்:
தகுதி என்ன பெரிய தகுதி. 1994-இலேயே தீர்ந்த விஷயம். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் சூப்பர் டர்போவில் அகுமா. ரியூ, டி ஹாக், கைல், கேமி, மறுபடி ரியூ என்று வரிசையாகக் கர்சரை நிறுத்தி, மூன்று பஞ்ச்சும் ஸ்டார்ட்டும் சேர்த்து அழுத்தினால் வருவான். காற்றிலிருந்து சரிவாக ஃபயர்பால் விடுவான். ஜாங்கீஃப் மாதிரி ஆட்களால் அதைத் தாண்டிக் கிட்டே வரவே முடியாது. அவனுக்கு சூப்பர் மீட்டரே (பெரிய தாக்குதலுக்கான சக்தி அளவி) இல்லை, தேவையும் இல்லை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தடை. விளையாட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. முப்பது வருடமாக யாரும் அழவில்லை.

மூன்றடிமூர்த்தி:
ரகசியக் குறியீடு போட்டு வருகிற பாஸ் கேரக்டரையும், தேர்வுத் திரையில் முதல் நாளிலிருந்தே நிற்கிறவனையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே! அகுமா போனதில் யாருடைய இரண்டு வருடப் பயிற்சியும் வீணாகவில்லை.

உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறது. பழைய சகாட்டுக்கு (சூப்பர் டர்போவில் வரும் முந்தைய பதிப்பு சகாட்) சூப்பர் கிடையாது, எதிராளி எறிந்தால் சேதத்தைக் குறைக்கவும் முடியாது. ஆனாலும் அவன் டைகர் ஷாட் வேகத்தில் பாதிப் பேர் திணறுவார்கள். ஜப்பானில் அவனை எழுத்தில் தடை செய்தார்களா? இல்லை. எடுக்க வேண்டாம் என்று ஆட்டக்காரர்களே பேசாமல் ஒத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். கமிட்டியும் இல்லை, ஓட்டெடுப்பும் இல்லை.

பழையசகாட்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒதுக்கினார்கள் அல்லவா? ஒதுக்கினால் தடைதான். அமெரிக்காவில் அவனைத் தாராளமாக எடுத்தார்கள் என்பது வேறு கதை.

மூன்றடிமூர்த்தி:
வேறு கதையா? அதுதானே என் கதை!

கடைசிஸ்டாக்:
அகுமாவை இங்கே இழுக்காதீர்கள். பிராலின் சிக்கலே வேறு. நின்டென்டோ அதற்குச் சமநிலைப் பேட்ச் (விளையாட்டுத் திருத்தம்) எதுவும் விடவில்லை. 2008-இல் வட்டில் இருந்த மெட்டா நைட்தான் கடைசிவரை. டெக்கன் 7 சண்டை விளையாட்டில் லீராய் என்ற கேரக்டர் வந்த கதையைப் பாருங்கள். 2020 எவோ ஜப்பான் போட்டியில் கடைசி எட்டில் ஆறு பேர் லீராய். ஜெயித்த தாய்லாந்து ஆட்டக்காரர் புக்கும் லீராய்தான். அடுத்து பேட்ச் வந்தது, லீராய் அடங்கினான், தடை தேவைப்படவில்லை. பேட்ச் வராத விளையாட்டில் போட்டி நடத்துகிறவன் கையில் இருப்பது விதிப்புத்தகம் மட்டும்தான். அதில் எத்தனை ஒட்டு போட்டார்கள் பாருங்கள். லெட்ஜ் வரம்பு, ஸ்க்ரூஜிங்குக்கு ஒரு விதி, டைமென்ஷனல் கேப்புக்கு ஒரு விதி. மூன்றும் ஒரே ஆளுக்காக.

டைமென்ஷனல் கேப் தெரியும்தானே? கீழ் ஸ்பெஷல் போட்டுவிட்டு கன்ட்ரோலரின் சி-ஸ்டிக்கை மேலே தட்டிக்கொண்டே இருந்தால் மெட்டா நைட் மறைந்தபடியே, அடிபடாமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றலாம். முழுசாக நீட்டினால் குருடனுக்கும் தெரியும். சில பிரேம் மட்டும் நீட்டினால் எந்த நடுவர் கண்டுபிடிப்பார்? அதுவும் இல்லாமல் அந்த 105 விநாடி.

மூன்றடிமூர்த்தி:
52.

கடைசிஸ்டாக்:
105.

நானாபோபோ:
விதி எல்லாம் ஒரே ஆளுக்காக இல்லை. 300 சதவீதத்துக்கு மேல் சங்கிலியை நீட்டினால் ஸ்டாலிங் (வேண்டுமென்றே நேரம் கடத்துவது) என்று எங்கள் தலையிலும்தான் எழுதினார்கள். நாங்கள் கமிட்டி வாசலில் போய் நின்றோமா?

கடைசிஸ்டாக்:
தம்பி, 300 தாண்டுவதற்குள் அவன் செத்திருப்பான். அந்த விதியால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

நானாபோபோ:
தம்பி என்று கூப்பிடுகிற வேலை வேண்டாம். வயதைக் காட்டி வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். டொர்னாடோவை ஷீல்டில் வாங்கி, முடியும் இடத்தில் நின்று பிடிக்கத் தெரியாதவர்கள்தான் நானாவைப் பறிகொடுப்பார்கள்.

கடைசிஸ்டாக்:
முடியும் இடத்தை அவனே நகர்த்திக்கொண்டு போவான் என்பது தெரியாமல் பேசுகிறீர்களே. ஷீல்டைக் குடைந்து தள்ளிவிட்டு எட்டாத தூரத்தில் இறங்குவான். இரண்டு பேர் ஷீல்டும் ஒரே அளவில் கரையாது, நானாதான் முதலில் குத்து வாங்குவாள். தம்பி என்றது அன்பில். பிடிக்கவில்லையென்றால் ஐயா என்கிறேன், ஐயா.

மூன்றடிமூர்த்தி:
தடை செய்து என்ன கிழித்தார்கள்? அமெரிக்காவில் போட்டி விதிகளை வகுத்த யூனிட்டி கமிட்டி 2011-இல் தடையை அறிவித்தது. 2012 ஏபெக்ஸ் போட்டியில் மெட்டா நைட்டுக்கு அனுமதி உண்டு. ஜப்பானிலிருந்து வந்த ஒட்டோரி அதே மெட்டா நைட்டை வைத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் கமிட்டியே கலைந்தது. 2013 ஏபெக்ஸிலும் தடை இல்லை. இறுதியில் அதே ஒட்டோரியை சேலம் (நம்ம மாம்பழ ஊர் இல்லை, ஆட்டக்காரர் பெயர்) ஜீரோ சூட் சாமஸை வைத்து அடித்தார். வெல்லவே முடியாத கேரக்டர் தோற்றது எப்படி? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கடைசிஸ்டாக்:
ஒரு சேலத்தை வைத்து எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? ஒரு இறுதிப் போட்டியில் தோற்றதால் பிளாங்கிங் இல்லையென்று ஆகிவிடுமா? 2012-இல் கோப்பை யாருக்குப் போனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறது.

தொடரை உருவாக்கியவர்களே என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். 2014-இல் வந்த ஸ்மாஷ் 4-இல், தரையைத் தொடாமல் அல்லது அடிவாங்காமல் லெட்ஜைத் திரும்பப் பிடித்தால் அடிபடாத சலுகை கிடையாது. கிளைடையே தூக்கிவிட்டார்கள். அல்டிமேட்டில் தரையிறங்காமல் ஆறு தடவைக்கு மேல் லெட்ஜைப் பிடிக்கவே முடியாது. 35 போதுமென்றால் அவர்கள் ஏன் ஆறுக்கு இறங்கினார்கள்?

மூன்றடிமூர்த்தி:
நன்றி. விதியைத்தான் திருத்தினார்கள், மெட்டா நைட்டைத் தூக்கவில்லை. அல்டிமேட்டில் எல்லோரோடும் சேர்ந்து அவனும் நிற்கிறான். நான் மூன்று பதிவாகத் தொண்டை கிழியச் சொல்வதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

கடைசிஸ்டாக்:
விளையாட்டின் கோடில் இருக்கும் விதி தானே அமலாகும், மூர்த்தி. காகிதத்தில் இருக்கும் விதிக்கு ஆட்டம் முடிந்த பிறகு நாலு பேர் திரையைச் சுற்றி நின்று எண்ண வேண்டும். பிராலின் கோடை 2011-இல் யார் திருத்தியிருப்பார்கள், நீங்களா?

மௌனகுரு:
என் கேள்வி மேலே அப்படியே இருக்கிறது.

பழையசகாட்:
அகுமாவுக்கு இன்னும் யாரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ரகசியக் குறியீடு என்பது பதில் ஆகாது. பழைய சகாட்டை எடுக்கவும் குறியீடு போடத்தான் வேண்டும்.

மூன்றடிமூர்த்தி:
கடைசிஸ்டாக், பேச்சை மாற்ற வேண்டாம். ஒரு மெட்டா நைட் ஆட்டத்தின் வீடியோவை எடுங்கள். கையை விடுவதிலிருந்து திரும்பப் பிடிப்பது வரை பிரேம் எண்ணுங்கள். 60 பிரேம் ஒரு விநாடி. ஒரு சுற்றுக்கு 180 பிரேம் வந்தால் உங்கள் 105-ஐப் பற்றிப் பேசலாம்.

கடைசிஸ்டாக்:
நீங்கள் 90 காட்டுங்கள், நான் 180 காட்டுகிறேன். தொங்கும் நேரத்தைச் சேர்த்து எண்ண வேண்டும், அதை மட்டும் நைசாக விட்டுவிடாதீர்கள்.

மூன்றடிமூர்த்தி:
தொங்கும்போது அடிபடாத நேரம் தீர்ந்துவிடும், அப்போது போய் அடிக்க வேண்டியதுதானே? அதை ஏன் சேர்க்க வேண்டும்?

கடைசிஸ்டாக்:
அடிக்கப் போனால் அவன் கையை விட்டு வெட்டுவான் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். சேர்த்துத்தான் எண்ண வேண்டும். 105.