மறதிநோயுள்ள தந்தையாரைப் பகலில் தோட்டத்தில் வைத்துப் பராமரிக்க முடியுமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மகள்

வணக்கம். என் தந்தையாருக்கு 75 வயது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நீண்டகாலம் வட்டவிதானையாக, அதாவது வயல்களின் நீர்ப்பாய்ச்சலை மேற்பார்வை செய்பவராக இருந்தவர். எந்தக் கண்டத்துக்கு (வயற்பிரிவுக்கு) எப்போது தண்ணீர் திறக்க வேண்டும், எவருடைய மாடு எந்த வரம்பை உடைத்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. இப்போது அவருக்கு அல்சைமர் நோய் என்று வைத்தியர்கள் உறுதிசெய்துள்ளார்கள். சில வேளைகளில் என்னைத் தன் தங்கை என்று நினைக்கிறார். ஆனாலும் விடிந்ததும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, வயலுக்குப் போகவேண்டும் என்று குருமண்வெளித் துறையை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார். வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி மண்டூருக்குப் போய்விட்டால் தேடிப்பிடிப்பது கடினம் என்பதால் படலையைப் பூட்டி வைக்கிறோம். பூட்டிய படலையைப் பிடித்து ஆட்டியபடி அவர் நிற்பதைப் பார்ப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருக்கிறது.

எங்கள் வழக்கப்படி வீடு எனக்குச் சீதனமாக வந்தது. தம்பிமார் மணமுடித்த ஊர்களில் இருக்கிறார்கள். தையல் வேலைதான் என் வருமானம், அது பாதியாகக் குறைந்துவிட்டது. நோர்வேயிலும் நெதர்லாந்திலும் மறதிநோய் உள்ளவர்கள் பகல் பொழுதைப் பண்ணைகளில் கழிக்கும் ஏற்பாடு உண்டு என்று வாசித்தேன். மட்டக்களப்பில் அப்படி ஒன்று இயலுமா? வயதுபோன தகப்பனைப் பிறர் தோட்டத்துக்கு அனுப்பி வேலை வாங்குகிறாள் என்று ஊர் பேசாதா?

பதில் 1: நோர்வேயிலிருந்து, பெரியகல்லாற்றைச் சேர்ந்தவர்

அன்புத் தங்கைக்கு, நான் இங்கே முதியோர் பராமரிப்பில் பணிபுரிகிறேன். பண்ணைப் பகற்பராமரிப்பு என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையாகவே மாடும் கோழியும் பயிரும் உள்ள ஒரு விவசாயக் குடும்பத்துடன் உள்ளூராட்சி நிர்வாகம் ஒப்பந்தம் செய்துகொண்டு, சிறிய குழுவொன்றை வாரத்தில் சில நாட்கள் அங்கே அனுப்புகிறது. காலையில் வாகனம் வீட்டுக்கே வந்து ஏற்றிச் செல்லும். எல்லோரும் ஒரே மேசையில் காலையுணவு உண்பார்கள். அதன் பின்னர் ஒருவர் கோழிக்குத் தீனி போடுவார், ஒருவர் விறகு அடுக்குவார், இன்னொருவர் மதிய உணவுக்குக் கிழங்கு உரிப்பார், விருப்பமில்லாதவர் வாங்கில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எவரையும் எதையும் செய் என்று வற்புறுத்துவதில்லை. செய்து முடித்த அளவையும் எவரும் கணக்கெடுப்பதில்லை. ஆகவே வேலை வாங்குவது என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

மறதிநோயில் அண்மைய நினைவுகள் முதலில் போய்விடுகின்றன. பல ஆண்டுகள் கையால் செய்து பழகிய வேலைகளோ நெடுநாள் நிலைத்திருக்கின்றன. மண்வெட்டியின் பெயரைச் சொல்ல முடியாதவர் அதைக் கையில் கொடுத்தவுடன் சரியாகப் பிடிப்பார். நெதர்லாந்தில் இத்தகைய பண்ணைகளைச் சாதாரண பகற்பராமரிப்பு நிலையங்களுடன் ஒப்பிட்டு நடத்திய ஆய்வுகளில், பண்ணைக்குப் போகிறவர்கள் கூடுதலாக நடமாடுகிறார்கள், கூடுதல் நேரம் வெளியில் இருக்கிறார்கள், பலவகை வேலைகளில் ஈடுபடுகிறார்கள் என்பது தெரியவந்தது. குடும்பத்தவர்கள் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று அறிந்திருப்பதால், கைவிட்டுவிட்டோம் என்ற உறுத்தலின்றி அந்த மணித்தியாலங்களை ஓய்வுக்கோ தம் வேலைக்கோ பயன்படுத்த முடிகிறது என்கிறார்கள்.

இங்கே 2020 சனவரி முதல், மறதிநோய் உள்ளவர்களுக்குப் பகல்நேரச் செயற்பாடுகளை வழங்குவது உள்ளூராட்சியின் சட்டபூர்வக் கடமை. செலவின் பெரும்பகுதியைப் பொதுநிதி ஏற்கிறது. நம்மூரில் பண்ணைக்குக் குறைவில்லை, அதைச் சுற்றியுள்ள இந்தப் பொறுப்புத்தான் இல்லை. ஆதலால் சிறிதாகத் தொடங்குங்கள்.

பதில் 2: மட்டக்களப்பிலிருந்து, உளநலப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதி

மகளுக்கு, உலகளவில் மறதிநோயாளரைப் பராமரிக்கச் செலவாகும் நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்களே கொடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வீடு மகளுக்குப் போகும் நம் மாவட்டத்தில் அந்தச் சுமை பெரும்பாலும் ஒரே ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. உதவி கேட்பதற்கு நீங்கள் தயங்கவே வேண்டாம்.

ஆனால் தந்தையாரைப் படுவான்கரை வயலுக்கே அழைத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அங்கே வாய்க்கால் உண்டு, யானை வரும், கிருமிநாசினிப் போத்தல்கள் வயற்குடிசையான வாடியில் கிடக்கும். காலில் புண்ணுடன் சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். மாரியில் வெள்ளம் வந்தால் திரும்பி வருவதே பெரும்பாடு. அதைவிடக் களுதாவளைப் பக்கத்து மேட்டுநிலத் தோட்டம் ஒன்று எவ்வளவோ மேல். மணல் நிலம் நடப்பதற்கு இலகுவானது. வெற்றிலை, மிளகாய், கத்தரி என்று ஆண்டின் பெரும்பகுதி ஏதோ ஒரு வேலை இருக்கும். வீடும் மலசலகூடமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, வேலி முழுமையாக இருக்கிறதா, மருந்து தெளிக்கும் நாட்களை முன்கூட்டியே சொல்வார்களா என்பவற்றை நேரில் போய்ப் பாருங்கள். நம் வெயிலில் காலை ஏழு மணி முதல் பத்து மணிவரை போதும். தாகம் எடுப்பதை அவர் உணராமல் போகலாம் என்பதால், கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுக்க ஒருவர் வேண்டும்.

தைரொயிட் குறைபாடு, உயிர்ச்சத்து பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவை மறதியைக் கூட்டும், சிகிச்சையால் சீராகவும் கூடும். இவை பரிசோதிக்கப்பட்டனவா என்று கேளுங்கள். திடீரென ஓரிரு நாளில் குழப்பம் அதிகரித்தால் அதை நோயின் போக்கு என்று விட்டுவிடாமல், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட முதியோர் சங்கங்கள் கிராமங்களில் உள்ளன. பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவையும் உங்கள் ஊர்ச் சங்கத்தையும் ஒரே வேளையில் அணுகுங்கள்.

பதில் 3: தம்பிலுவிலிலிருந்து ஒருவர்

அக்கா, அம்மாவுக்கு இந்த நோய் வந்தபோது நாங்கள் வளவுக்குள்ளேயே தொடங்கினோம். பாய் இழைக்கும் பன் புல்லைக் கிழித்துக் கொடுத்தால் பாய் இழைப்பார். பாய் கோணலாக வரும், அதை எவரும் திருத்த மாட்டோம். கச்சான் (நிலக்கடலை) உடைக்கும் காலத்தில் அயல்வீட்டுப் பெரியம்மாவும் வந்து கூட அமர்வார். அந்த முற்பகல்களுக்குப் பிறகு, வழக்கமாகப் பொழுதுசாயும் நேரத்தில் வரும் பதற்றம் குறைந்திருப்பதைக் கண்டோம். உறவினர்கள் பேசினார்கள்தான். பேசியவர்களில் ஒருவரான மாமியை அழைத்து ஒரு காலைப்பொழுது முழுவதும் அம்மாவோடு இருக்கச் சொன்னோம், பின்னர் அவரே முறைவைத்து வரத் தொடங்கினார்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். தோட்டக்காரருக்கு மாதாந்தம் ஒரு தொகை கொடுங்கள், சிறிய தொகையானாலும் பரவாயில்லை. நன்றிக்காக மட்டும் பார்த்துக்கொள்பவர், அறுவடை வந்துவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார். அவர்மேல் பிழை சொல்லவும் முடியாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. களுதாவளையில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு வெற்றிலைத் தோட்டக்காரர் இருக்கிறார். கிணற்றுக்குக் கட்டு உண்டு, வேலியில் ஓரிடம் மட்டும் அடைக்கவேண்டும். வாரத்தில் இரண்டு காலைகள் என்று கேட்கப் போகிறேன். தம்பிமாரிடம் மாதப் பணத்தையும், முச்சக்கரவண்டிச் செலவையும் பொறுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறேன், மூத்தவர் சம்மதித்துவிட்டார். களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கத்தில் இதே நிலையில் இன்னொரு குடும்பம் இருந்தால் இங்கே எழுதுங்கள். இருவராகப் போனால் கூட நிற்கும் ஆளுக்கான செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.