கோம்பைக் குட்டிக்குத் தீனி ஆசை இல்லை, வழி சொல்லுங்கள்

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் எங்கள் வீடு. 5 மாதக் கோம்பை இன நாய்க்குட்டி வளர்க்கிறோம். கூப்பிட்டால் வரப் பழக்க, சுண்டுவிரல் நகம் அளவு வேகவைத்த கோழி ஈரலை நீட்டுகிறேன். மோந்து பார்த்துவிட்டு, குமுளி போகும் ஜீப் சத்தத்துக்குக் காதை விடைக்கிறது. ஆனால் கொடிக்கு அடியில் உதிர்ந்த பன்னீர் திராட்சையை ஓடிப்போய்க் கவ்வுகிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்பதால் நெஞ்சு பதறுகிறது. "விடு" என்ற சொல்லையாவது அது கற்றாக வேண்டும்.

நாள் முழுக்கத் தட்டில் சோறு கிடந்ததுதான் தவறோ என்று, ஒரு வாரமாக மூன்று வேளை மட்டும் வைத்து, கால் மணி நேரத்தில் எடுத்துவிடுகிறேன். சாப்பாட்டுக்கு முன்பே பயிற்சி. கொஞ்சம் தேவலை. பல் விழுந்து முளைக்கும் வயது, ஈறு வலியாலும் பசி குறையலாம். வளரும் குட்டியைப் பட்டினி போட மனம் வரவில்லை. வேளைச் சோற்றில் எவ்வளவைப் பயிற்சிக்கு ஒதுக்குகிறீர்கள்? கோம்பை வளர்த்த அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.