கச்சத்தீவு விவாதம் 1974: எம்.பி.க்கள் பேசியதன் மூலத்தை எடுப்பது எப்படி?

கழனிவாசல்:
வணக்கம். எல்லை, ஆட்சிமுறை பற்றி நம் பக்கத்து எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் பேசியதைத் திரட்டி, காரைக்குடி வாசகர் வட்டத்துக்கு ஒரு சிறு கையேடு போடுகிறோம். முதலில் கச்சத்தீவு. 1974இல் இராமநாதபுரம் எம்.பி. பி.கே. மூக்கையா தேவரும், கும்பகோணம் எம்.பி. இரா. செழியனும் பேசியது வேண்டும். இணையத்தில் சுற்றுவது இரண்டு வரி மேற்கோள்தான், அதுவும் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. மூலத்தை எங்கே பிடிப்பது? இன்றைய எம்.பி.க்களுக்கு வெளியாகும் 'இத்தனை கேள்வி, இத்தனை விவாதம்' என்ற கணக்கை அப்படியே போடலாமா?

செக்காலை:
நாடாளுமன்ற மின்னூலகத்தில் ஐந்தாவது மக்களவை, 1974 ஜூலை 23 என்று தேதியைக் கொடுத்து, அந்த நாளின் கோப்பை முழுசாக இறக்குங்கள். கச்சத்தீவை இலங்கையின் பக்கம் சேர்த்த எல்லை ஒப்பந்தம் பற்றி வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அறிக்கை படித்த நாள் அது. பெயரையோ சொல்லையோ கொடுத்துத் தேடினால் பாதி கிடைக்காது. அச்சுப் பக்கம் செய்தித்தாள்போல் இரண்டு பத்தியாக (ஆங்கிலத்தில் 'காலம்') இருப்பதால், ஸ்கேன் பண்ணி எழுத்தாக்கும்போது இடது பத்தி வரியோடு வலது பத்தி வரி ஒட்டிக்கொள்ளும். எழுத்துக்கூட்டல் அடுத்த தொல்லை. ஒப்பந்தத்தில் தீவின் பெயர் கே ஏ சி எச் சி எச் ஏ டி ஐ வி யு. இன்றைய பத்திரிகைகளில் கே ஏ டி சி எச் ஏ டி எச் ஈ ஈ வி யு. ஒன்றைக் கொடுத்தால் மற்றது வராது.

பக்கத்தின் தலையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஒரு பக்கத்தில் ஜூலை 23, 1974 என்றும், எதிர்ப் பக்கத்தில் சிராவணம் 1, 1896 சக என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நாள்தான். அங்கே தெரியும் எண்களும் பக்க எண் இல்லை, பத்தி எண். மேற்கோள் கொடுக்கும்போது 'பத்தி' என்றே எழுதுங்கள். பக்கம் என்று போட்டுவிட்டால் சரிபார்க்கப் போகிறவர் வேறெங்கோ போய் நிற்பார்.

முக்கியமானது ஒன்று. மக்களவை விதி 372இன்படி அமைச்சர் அறிக்கை படிக்கும்போது உறுப்பினர் கேள்வி கேட்க முடியாது. அதனால் அறிக்கையை மட்டும் வெட்டி எடுத்தால் எதிர்ப்பே இல்லாததுபோல் தோன்றும். முன்னும் பின்னும் விடாமல் படியுங்கள். செழியன், மூக்கையா தேவர், வாஜ்பாய், பெரியகுளம் எம்.பி. முகமது ஷெரீப் ஆகியோர் எதிர்த்துப் பேசியது அன்றைய பதிவிலேயே இருக்கிறது.

பேச்சின் தலைப்பில் உடுக்குறி (*) இருந்து, மூலப் பேச்சு தமிழில் நிகழ்த்தப்பட்டது என்று அடிக்குறிப்பும் இருந்தால், கையில் இருப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டுமே. அதை நீங்கள் தமிழாக்கி, 'அவர் சொன்னார்' என்று மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். அது அவர் வாக்கு ஆகாது. இரண்டு வரி மேற்கோள்கள் ஆளுக்கு ஒரு மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கருத்தைச் சொந்த நடையில் எழுதிப் பத்தி எண் கொடுத்தால் போதும்.

அன்று காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் இராமநாதபுரம் மாவட்டம். 1985இல்தான் பிரிந்தது. மாவட்டத்தையும் தொகுதியையும் ஒன்றாக்கி, மூக்கையா தேவரைக் காரைக்குடி எம்.பி. என்று எழுதிவிட வேண்டாம்.

கோட்டையூர் ஆச்சி:
தம்பி, செக்காலை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1974ஐயும் 1976ஐயும் கலக்காதீர்கள். நம் ஆட்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 1974 ஒப்பந்தம் ஜூன் 26 கொழும்பிலும் 28 தில்லியிலும் கையெழுத்தானது. அதன் 5ஆவது பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. இந்திய மீன்பிடிப் படகுகள் இலங்கைக் கடலில் தொழில் செய்யக் கூடாது என்பது 1976 மார்ச் 23 கடிதப் பரிமாற்றத்தில் வந்தது. அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. மீன்பிடி உரிமை பற்றிய பேச்சை எடுக்கும்போது எந்த ஆண்டு என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எங்கே தேடுவது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம், நாட்டின் நிலத்தை இன்னொரு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று கருத்துச் சொன்னது. 9ஆவது திருத்தம் அப்படி வந்தது. 2015இல் வங்கதேசத்தோடு நிலத்திட்டுகளை மாற்றிக்கொண்டதற்கும் (அங்கே நம்முடையவை 111, இங்கே அவர்களுடையவை 51) 100ஆவது திருத்தம். மே 6 மாநிலங்களவை, மே 7 மக்களவை. கச்சத்தீவில் மட்டும், இது விட்டுக்கொடுப்பதல்ல, எல்லைத் தகராறைத் தீர்ப்பது என்று அரசு நின்றது. மசோதா வரவில்லை, வாக்கெடுப்பும் இல்லை. ஆகவே 2015க்கு மசோதா விவாதத்தைப் புரட்டலாம். 1974க்கு மசோதாப் பட்டியலில் எதுவும் அகப்படாது, அறிக்கையைச் சுற்றித்தான் தேட வேண்டும்.

எண்ணிக்கை விஷயம். பேரேட்டின் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு நாள்வழியைத் திறக்காமல் ஒரு கடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதுபோல் அது. அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார், வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்திட மாட்டார். 2008 டிசம்பரில் தேசியப் புலனாய்வு முகமை மசோதாவைக் கொண்டுவந்து பேசியவர் அப்போது உள்துறை அமைச்சராக இருந்த நம் சிவகங்கை எம்.பி. ப. சிதம்பரம். அமைச்சராக இருந்த அந்த ஆண்டுகளில் எண்ணிக்கைக் கணக்கை வைத்து அவரை அளக்க முடியாது. நாடாளுமன்றப் பதிவிலோ பக்கம் பக்கமாக இருக்கிறார். கையேட்டில் தனி உறுப்பினராகப் பேசியதையும் அமைச்சராகப் பேசியதையும் பிரித்துப் போடுங்கள். பின்னது அரசின் பேச்சு.

கழனிவாசல்:
ரொம்ப நன்றி ஆச்சி, நன்றி செக்காலை அண்ணே. ஒரே ஒரு சந்தேகம். மீனவர் கைது பற்றி இப்போதைய உறுப்பினர்கள் கேட்டதற்கு உள்துறை அமைச்சகத்தில் தேடினால் சரியாக வரவில்லை. விதி 377இல் எழுப்பியது கிடைக்கிறது, பதில் கிடைக்கவில்லை.

தேவகோட்டை வாசகன்:
மீனவர் கைதும் விடுதலையும் வெளியுறவு அமைச்சகம். கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகம். படகு, வலை, நிவாரணம் என்றால் மீன்வளம், அதற்கு 2019இலிருந்துதான் தனி அமைச்சகம். உள்துறையில் கிடைப்பது எல்லைப் பாதுகாப்புப் படை, வேலி, நில எல்லைச் சமாச்சாரம். மீனவர் விஷயத்துக்கு முதலில் சொன்ன மூன்று அமைச்சகத்திலும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

விதி 377 என்பது 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுத்து எழுப்புவது. அமைச்சர் அங்கேயே எழுந்து பதில் சொல்வதில்லை. பின்னால் அந்த உறுப்பினருக்கே கடிதம் போகும். அதனால் அந்தப் பதிலை எம்.பி. அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

உடுக்குறியிட்ட கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியது) என்றால் அச்சிட்ட பதிலோடு நிறுத்தாமல் துணைக்கேள்விகளையும் படியுங்கள். உறுப்பினருக்கு விஷயம் தெரியுமா என்பது அங்கேதான் தெரியும். உடுக்குறி இல்லாத கேள்விக்கு எழுத்துப் பதில் மட்டும், துணைக்கேள்வி கிடையாது. அமைச்சர் 'பரிசீலிக்கிறோம்', 'பார்க்கிறோம்' என்று சொல்லியிருந்தால் அதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளும் குழு ஒன்று இருக்கிறது, அரசு உறுதிமொழிகள் குழு. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. அந்தக் குழுவின் அறிக்கைகளில் கேள்வியின் தேதியை வைத்துத் தேடினால், பேசியதற்கு ஏதாவது நடந்ததா என்று பிடித்துவிடலாம். 2021க்குப் பிந்தைய தமிழ்ப் பேச்சுகளுக்கு சன்சத் டிவி காணொளியை ஓடவிட்டுக் கேட்டே எழுதுங்கள். அச்சில் வரும் மொழிபெயர்ப்பை நம்பியிருக்க வேண்டியதில்லை.