உடனொளிர்வா, உடன்சுட்டலா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு விளக்கப்படத்தில் சில புள்ளிகளைத் தெரிவு செய்ததுமே பக்கத்துப் படங்களிலும் அதே தரவுப் பதிவுகள் எடுப்பாகத் தெரியும் உத்திக்கு (ஆங்கிலத்தில் brushing and linking) 'தூரிகையிடல்', 'உடனொளிர்வு' என்னும் தமிழ்க் கலைச்சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

தூரிகை (brush) என்பது புள்ளியியலாளர்கள் பெக்கரும் கிளீவ்லண்டும் 1987-இல் எழுதிய கட்டுரையில், சிதறல் படங்களின் (ஒவ்வொரு பதிவையும் ஒரு புள்ளியாகக் காட்டும் படங்களின்) மேல் நகர்த்தும் செவ்வகத்துக்கு இட்ட பெயர். அந்தச் செவ்வகம் புள்ளிகளை எடுத்துக்காட்டியதோடு, அவற்றை நீக்கவும் பெயர்ச்சீட்டு இடவும் பயன்பட்டது. தமிழில் தூரிகையிடல் என்றால் மாணவர்கள் வண்ணம் தீட்டுவதாகவே கொள்வார்கள்.

'உடனொளிர்வு' அழகான சொல்தான். ஆனால் கடலூர் மாவட்ட மழையளவு பற்றிய பாடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பட்டை விளக்கப்படத்தில் நவம்பரைத் தொட்டால், நிலப்படத்தில் பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய ஊர்களின் நவம்பர் மழை எடுப்பாகத் தெரியும். அதே பாடத்தை ஹெட்போனில் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற மாணவிக்கோ ஒளிர்வது எதுவுமில்லை. மழை கூடக் கூடச் சுருதி ஏறும் ஒலித்தொடரில் நவம்பர்ப் பகுதி மட்டும் ஒலிக்க, திரைவாசிப்பு மென்பொருள் அந்த மாதத்துக்குரிய வரிகளை வாசிக்கும். இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட உம்வெல்ட் என்னும் கருவி, படத்துக்கு முதலிடம் தராமல் படம், ஒலி, உரை மூன்றையும் ஒரே தரவின் வடிவங்களாகக் கொண்டு, அவற்றைத் தம்முள் பிணைத்து வைக்கிறது. அந்தப் பிணைப்புக்கும் பொருந்தும் சொல்லே நமக்கு வேண்டும்.

ஆகவே 'உடன்சுட்டல்' என்பதை முன்மொழிகிறேன். காண்பதைப் போலவே கேட்பதையும் சுட்டலாம். 'உடன்' என்பதில் 'சேர்ந்து', 'உடனடியாக' என்னும் இரு பொருளும் அடங்கியுள்ளன. இவ்வுத்திக்கு இரண்டுமே உயிர். படத்தின் மறுமொழி அரை நொடி கூடுதலாகத் தாமதித்தாலே பயனர்கள் தரவைத் துழாவுவது குறைந்துவிடுகிறது என்று லியூ, ஹீர் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 2014-இல் ஆய்ந்து காட்டியுள்ளனர். வினையாக 'உடன்சுட்டு' என்றும், பெயரெச்சமாக 'உடன்சுட்டிய பதிவுகள்' என்றும் தடையின்றி வருகிறது. 'சுட்டி' என்பது ஏற்கெனவே கணினிச் சாதனத்துக்கு வழங்குவதால் குழப்பம் நேரும் என்னும் தடை எழலாம். முன்னொட்டு நிற்பதால் அது பெரிய இடையூறாக எனக்குத் தோன்றவில்லை.

தூரிகை எனப்பட்ட அந்தச் செவ்வகத்துக்குத் 'தெரிவுச் சட்டம்' போதும். தரவை ஒலியாக்குவதற்கு 'ஒலிவடிவாக்கம்' என எழுதி வருகிறேன். இதைவிடச் சுருங்கிய சொல் இருந்தால் தெரிவியுங்கள்.

அன்புடன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்