ஹெஸ்பெரிஸ் பூக்கவே மாட்டேங்குது, உதவுங்க

மாடத்தொட்டி: வணக்கம். டேம்ஸ் ராக்கெட்னு சொல்ற ஹெஸ்பெரிஸ் மேட்ரோனாலிஸ் வச்சிருக்கேன். செடி தளதளன்னு இருக்கு, ஆனா தண்டு எழும்பவே இல்லை, தரையோட தரையா இலை மட்டும்தான். அதே விதையைப் போட்ட நண்பர் வீட்டுல ஊதாப் பூ கொத்துக்கொத்தா நிக்குது. உரமும் போட்டாச்சு. சீக்கிரம் சொல்லுங்க.

வேர்க்கால்: எப்ப விதைச்சீங்க? தொட்டியா, தரையா? வெயில் எவ்வளவு நேரம்? என்ன உரம்?

மக்குக்குழி: கேட்கவே வேண்டாம், நைட்ரஜன் ஜாஸ்தி. இலைக்கே எல்லாம் போகுது. உரத்தை நிறுத்துங்க, தானா பூக்கும்.

சுண்ணாம்புக்கல்: கடுகுக் குடும்பம்னாலே எனக்கு முதல் சந்தேகம் வேர்வீக்க நோய்தான். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்க. கட்டி கட்டியா வீங்கியிருந்தா பிளாஸ்மோடியோஃபோராங்கிற கிருமி. அது மண்ணுல வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும். சுண்ணாம்பு போட்டு மண்ணோட பிஎச், அதாவது அமில-கார அளவை, 7-க்கு மேல ஏத்துங்க.

வேர்க்கால்: அண்ணே, தளதளன்னு இருக்குங்கிறார். வேர்வீக்கம்னா மதியமே துவண்டிருக்கும். ஒரே செடி வச்சிருந்தா என்னத்தைப் பிடுங்குவார்?

மாடத்தொட்டி: தொட்டிதான். போன வருஷக் கோடையில போட்டது. வெயில் நல்லா வரும். துவளலை. இலையில குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை இருக்கு, அதனாலயா?

வேர்க்கால்: ஓட்டை தத்துவண்டு வேலை. தொட்டியை லேசா அசைச்சா கறுப்பா துள்ளி ஓடும். இந்த அளவுச் செடியை அது ஒண்ணும் பண்ணாது.

மூத்தகிளை: வருஷா வருஷம் இதே கேள்வி. கொஞ்சம் தேடிப் பார்த்துட்டு கேட்டா நமக்கும் நேரம் மிச்சம். இது ஈராண்டுச் செடி. முதல் வருஷம் இலை, அடுத்த வருஷம் பூ. அடிப்படைப் பாடம்.

வேர்க்கால்: போன வருஷம் போட்டதுன்னு எழுதியிருக்காரே, படிக்கலையா? மாடத்தொட்டி, குளிர்காலத்துல தொட்டி எங்க இருந்துச்சு?

நுனிக்கொழுந்து: நடுவுல ஒரு டவுட். இதுவும் ஃப்ளாக்ஸ்ங்கிற பூச்செடியும் ஒண்ணுதானே?

மூத்தகிளை: இல்லை. ஃப்ளாக்ஸுக்கு 5 இதழ், எதிரெதிர் இலை. இதுக்கு 4 இதழ், இலை மாறி மாறி வரும். எண்ணத் தெரிஞ்சா போதும்.

புல்வெளி: இதை ஏன் வளர்க்கணும்னு யாருமே கேட்கலையே? யூரேசியச் செடி. வட அமெரிக்காவுல தோட்டத்துக்குன்னு கொண்டுபோனது, வேலி தாண்டி காடு முழுக்கப் பரவிடுச்சு. கொலராடோவுல தீய களைப் பட்டியல்ல இருக்கு, மாசசூசெட்ஸ்ல விற்கவே தடை. 'காட்டுப்பூ விதை'ன்னு விற்கிற கலவைப் பாக்கெட்டுக்குள்ளயும் இது வந்துடுது.

மக்குக்குழி: தொட்டியில ஒரு செடி வச்சதுக்கு காட்டை அழிச்ச மாதிரி பேசுறீங்க. சாயங்காலம் அந்த வாசனை, வர்ற விட்டில்பூச்சி, அதெல்லாம் கணக்குல இல்லையா?

புல்வெளி: ஒரு செடி விடுற விதை எத்தனைன்னு தெரியுமா? காய் வெடிக்கறதுக்கு முன்னாடி வெட்டுற ஆள் எத்தனை பேர்?

மக்குக்குழி: அது அதோட சொந்த மண்ணுல இருந்தா? எல்லா ஊருக்கும் ஒரே சட்டமா?

மாடத்தொட்டி: குளிர் தாங்காதுன்னு ஹீட்டர் ஓடற ரூம்ல ஜன்னலோரமா வச்சிருந்தேன். அதைச் சொல்லணுமா?

வேர்க்கால்: அதைத்தான் முதல்ல சொல்லணும்! இந்தச் செடி பனி, உறைகுளிர் எல்லாம் தாங்கும். தாங்கறது மட்டுமில்லை, அதுக்குக் குளிர் வேணும். இலைக்கொத்தா இருக்கும்போது சில வாரம் நல்ல குளிர் பட்டாத்தான் அடுத்த வசந்தத்துல தண்டு கிளம்பும். தட்பப்பதனம்னு புத்தகத்துல போட்டிருக்கும். உங்க செடிக்கு இன்னும் குளிர்காலமே வரலை. நண்பர் வெளியில விட்டிருப்பார், கேட்டுப் பாருங்க. இனி உரம் வேண்டாம். வெளியில வச்சு, வடிகால் ஓட்டை அடைக்காம பாத்துக்கோங்க. வர்ற குளிரையும் அங்கயே கழிக்கட்டும். மறுபடி விதை போட்டா மேலாகத் தூவி அமுக்கினா போதும், புதைக்காதீங்க, வெளிச்சம் பட்டா நல்லா முளைக்கும்.

சுண்ணாம்புக்கல்: இருந்தாலும் வேரை ஒருதரம் பார்த்துடுங்க.

மாடத்தொட்டி: நண்பரோடது வெளியிலதான் கிடந்துச்சாம். தொட்டியைத் தூக்கி வெளியில வச்சாச்சு. நன்றி.

புல்வெளி: பூத்ததும் காயை வெட்டிடுங்க.

மக்குக்குழி: ஆரம்பிச்சிட்டாரு.