மோடம் எடுத்தது, சர்வர் விடவில்லை

எங்கள் அலுவலகத்தில் அப்போது ஓடியது விண்டோஸ் 2000 சர்வர். முதலாளிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க வேண்டும். சும்மா கிடந்த ஒரு போன் லைன், கணினியை அந்த லைனில் பேசவைக்கும் ஒரு வெளி மோடம், இவ்வளவுதான் கையில் இருந்தது. அரை நாள் வேலை என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் ஆனது.

வெளியிலிருந்து கூப்பிடுபவரை அலுவலக நெட்வொர்க்கில் சேர்க்கும் ரூட்டிங் அண்ட் ரிமோட் ஆக்சஸ் சேவை அந்த சர்வரிலேயே இருந்தது, நாம்தான் இயக்கிவிட வேண்டும். அது சுலபம். கூப்பிட்டால் மோடம் எடுத்தது, வழக்கம்போல் கீச்சிட்டது, பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டது. அப்புறம் 649 என்று ஒரு பிழை காட்டி வெட்டிவிட்டது. மோடத்தைச் சந்தேகித்து ஒரு நாளை வீணடித்தேன். கடைசியில் பார்த்தால், முதலாளியின் பயனர் கணக்கில் டயல்-இன் பக்கத்தில் அனுமதியே கொடுக்கவில்லை!

அதைச் சரிசெய்ததும் இணைப்பு அறுபடாமல் நிலைத்தது, ஆனால் உள்ளே எதுவும் தெரியவில்லை. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியிருந்தது. நெட்வொர்க்கில் முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஹெச்சிபி-யிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் எண் அது. சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ரிமோட் ஆக்சஸ் தவறான கார்டு வழியாக முகவரி கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய், பத்து முகவரிகளை டிஹெச்சிபி-யில் விலக்கிவைத்து, அவற்றையே ரிமோட் ஆக்சஸுக்கு நிலையான தொகுப்பாகக் கொடுத்துவிட்டேன்.

உண்மையான தலைவலி அதற்குப் பிறகுதான். இரண்டு பக்கமும் சாதாரண அனலாக் லைன் என்றால் மோடம் பெட்டியில் 56கே என்று போட்டிருந்தாலும் நொடிக்கு 33.6 கிலோபிட்டுக்கு மேல் போகாது. 56 வேண்டுமானால் சர்வர் பக்கம் டிஜிட்டல் லைன் இருக்க வேண்டும். நொடிக்கு நான்கு கிலோபைட் வந்தால் பெரிது. அதில் கணக்கு மென்பொருளைத் திறந்தால் தரவுக் கோப்பு முழுக்க போன் கம்பி வழியே வர முயல்கிறது. முதலாளி காபி குடித்து முடித்தும் திரை வெள்ளையாகவே இருந்ததாம். டெர்மினல் சர்வீசஸ் போட்டு, மென்பொருள் சர்வரிலேயே ஓடி திரை மட்டும் வரும்படி செய்ததும்தான் மனிதர் சமாதானமானார்.

---

நீங்கள் கால்பேக் வைக்கவில்லையா சார்? யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கலாமே என்று பயந்து நான் வைத்தேன். சர்வர் ஆளைச் சரிபார்த்து, வெட்டிவிட்டு, குறித்துவைத்த எண்ணுக்குத் தானே திருப்பிக் கூப்பிடும். வீட்டிலிருந்து வருபவர்களுக்கு அருமையான ஏற்பாடு. எங்கள் விற்பனை மேலாளர் வெளியூரில் இருந்தார், எண்ணை அவரே தரட்டும் என்று மாற்றிவிட்டேன். ஓட்டல் எண்ணைத் தந்தார். சர்வர் கூப்பிட்டது, எடுத்தது வரவேற்பறைப் பெண். காதில் மோடம் அலற, அவர் வைத்துவிட்டார். ஐந்து முறை!

---

உங்கள் இருவரையும் போல நான் இணைப்பு வரை போகவே இல்லை. சுவரில் இருந்த போன் பிளக்கில் மோடத்தைச் சொருகினேன். அது அலுவலக எக்ஸ்சேஞ்சின் டிஜிட்டல் எக்ஸ்டென்ஷன் என்று யாரும் சொல்லவில்லை. பிளக் ஒன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே வரும் மின்சாரம் வேறு. மோடம் அன்றோடு போயிற்று. அடுத்ததற்கு ஃபேக்ஸ் லைனைக் கேட்டு வாங்கினேன். அது நிச்சயம் அனலாக்.

---

கால்பேக் பற்றிக் கேட்டீர்களே, முதலாளிக்குப் போட்ட இணைப்பில் நான் அதை வைக்கவில்லை. இன்று நினைத்தால் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது.