மேல்மாடி வீடு, ராத்திரியிலும் அனல். அம்மாவுக்குத் தலைசுத்தல். உதவி, அவசரம்

மொட்டைமாடி_கீழ்:
வணக்கம். ஒரு வாரமா அம்மாவுக்கு ராத்திரியில தலைசுத்தல், தூக்கமே இல்ல. பகல்ல கூட சமாளிக்கிறோம், விளக்கு வச்சதுக்கு அப்புறம்தான் வீடு கொதிக்குது. ஃபேன் 5ல ஓடுது, பிரயோஜனம் இல்ல. ஏசி வாங்கணுமா, மாடியில வெள்ளை பெயிண்ட் அடிச்சா போதுமா? சீக்கிரம் சொல்லுங்க.

மதுரைக்காரன்:
ஏர் கூலர் வாங்கிப் போடுங்க. எங்க வீட்ல கோடையே தெரியல. கரண்ட் பில்லும் கம்மி.

மீனா_வார்டு:
தம்பி, அம்மாவுக்கு என்ன வயசு? என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? படுத்திருக்கும்போதே சுத்துதா, எழுந்தாதானா? இது தெரியாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கரிகாலன்:
வருஷா வருஷம் கத்திரி வந்தா இதே கேள்வி. ஊர் பேர் இல்ல, எத்தனாவது மாடின்னு இல்ல, கூரை என்னன்னு இல்ல. பழைய இழைகளைத் தேடிப் படிச்சுட்டு வரக் கூடாதா? கான்கிரீட் தளம் பகல் பூரா வெயிலை வாங்கி வச்சுக்கிட்டு சாயங்காலத்துக்கு மேல உள்ளே இறக்கும். அதான் ராத்திரி அனல். பள்ளிக்கூடப் பாடம். அப்புறம், 35 டிகிரிக்கு மேல ஃபேன் போடவே கூடாது, சூட்டைத்தான் மேல வீசும்.

நன்னாரி_வேர்:
பானைத் தண்ணியில வெட்டிவேர் போட்டுக் குடுங்க. குடிக்க இதமா இருக்கும்.

மொட்டைமாடி_கீழ்:
சாரி, அவசரத்துல போட்டுட்டேன். வேளச்சேரி. மூணாவது மாடி, மேல மொட்டைமாடிதான், ஓடு எதுவும் இல்ல. ராத்திரி 10 மணிக்குக் கட்டில் மேல ஏறி சீலிங்கைத் தொட்டா கை சுடுது. அம்மாவுக்கு 71. பிரஷர் மாத்திரை ரெண்டு. எழுந்து பாத்ரூம் போறப்பதான் சுத்துது. ராத்திரி எழுந்திருக்கணுமேன்னு சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டேங்கிறாங்க.

மீனா_வார்டு:
கடைசி வரிதான் முக்கியம் தம்பி. வயசானா தாகமே சரியா தெரியாது, வியர்வையும் குறைஞ்சிடும். சூட்டுல தோல் பக்கம் ரத்தக்குழாய் விரியும். அதோட தண்ணியும் குறைஞ்சா, எழுந்து நிக்கும்போது பிரஷர் இறங்கி தலை சுத்தும். அந்த ரெண்டுல ஒண்ணு நீர் பிரியிற மாத்திரையான்னு பாருங்க. நீங்களா நிறுத்தாதீங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டி, உட்கார வச்சு ஒரு தடவை, நிக்க வச்சு ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்க. உப்புக் கரைசலும் அவரைக் கேட்டுத்தான்.
உடம்பு நெருப்பா சுட்டு, பேச்சு குழறினாலோ ஆள் தெரியாம பேசினாலோ ஒரு நிமிஷம் காத்திருக்காம 108. வண்டி வர்ற வரைக்கும் உடம்பெல்லாம் தண்ணி நனைச்சு காத்து வீசுங்க. பாராசிட்டமால் அதுக்குக் கேட்காது.

மேஸ்திரி_மகன்:
சென்னைக்கு ஏர் கூலர் வேண்டாம். ஏற்கெனவே ஈரக்காத்து, தண்ணி ஆவியானாதானே குளிரும். புழுக்கம்தான் கூடும். தளத்துல இருக்கிற தூசியை நல்லா கழுவிட்டு வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளைப் பூச்சு ரெண்டு கோட் அடிங்க. கையில காசு இல்லன்னா சுண்ணாம்பு போதும், மழை வந்தா கரையும், அவ்வளவுதான்.

கரிகாலன்:
வெள்ளையெல்லாம் ஒரு வருஷத்துல கறுத்துடும். தட்டோடு பதிக்கிறதுதான் நிரந்தரம்.

மேஸ்திரி_மகன்:
வாடகை வீடா சொந்த வீடான்னே தெரியாம தட்டோடு பதிக்கச் சொல்றீங்களே சார். வெள்ளை கறுத்தா கழுவி இன்னொரு கோட். தெலங்கானா 2023லேயே இதுக்குன்னு கூல் ரூஃப் கொள்கை கொண்டு வந்தாச்சு. 2024ல நம்ம அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சது. செத்தவங்களுக்கு நிவாரணம் சரி, கூரைக்கு என்ன வழி?

ஹாரோ_சிவா:
இங்க லண்டனில எங்களுக்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை. வீட்டுக்குள்ள 18 டிகிரிக்குக் கீழ போகக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2018இல சொன்னது. மேல எவ்வளவு வரைக்கும் எண்டு ஒரு எண் சொன்னவையோ?

கரிகாலன்:
அந்த 18 குளிர் நாட்டுக்கு. சூட்டுக்கு ஒரே எண் குடுக்கல, பாதுகாக்க வழி செய்யணும்னு மட்டும்தான் இருக்கு. முழுசா படிச்சுட்டுப் பேசுங்க.

மீனா_வார்டு:
அதே நிறுவனம் ஃபேனை 40க்குக் கீழ தாராளமா போடலாம்னுதான் சொல்லுது. 35ன்னு சொல்லி பயமுறுத்தாதீங்க சார், ஃபேனை நிறுத்திட்டாங்கன்னா ஆபத்து. கை, கழுத்து, கால்ல ஈரத்துணியால துடைச்சுட்டு ஃபேனுக்கு அடியில இருக்கச் சொல்லுங்க தம்பி. ஏசி முடிஞ்சா வாங்குங்க, 26ல வச்சு கூடவே ஃபேன் ஓடினா போதும். அதுவரைக்கும் கீழ்வீட்ல படுக்க இடம் கிடைக்குமான்னு கேளுங்க. தரைத்தளம் ராத்திரியில எவ்வளவோ மேல்.

நன்னாரி_வேர்:
எனக்கு ஏசிக் காத்தே பிடிக்காது.

மதுரைக்காரன்:
எங்க ஊர்ல கூலர் நல்லாத்தான் வேலை செய்யுது, அதையும் சொல்லிடுறேன்.

மொட்டைமாடி_கீழ்:
டாக்டர்கிட்ட போனோம். நிக்கும்போது பிரஷர் நல்லா இறங்குது. ஒரு மாத்திரையை மாத்திக் குடுத்திருக்கார். கீழ்வீட்டு அத்தை ஹால்ல படுக்கச் சொல்லிட்டாங்க, அம்மா நேத்து தூங்கினாங்க. வெள்ளை அடிக்க ஆள் சொல்லியாச்சு. மீனா அக்காவுக்கு ரொம்ப நன்றி.

மேஸ்திரி_மகன்:
எந்தப் பூச்சு வாங்கினீங்க? தளத்துல வெடிப்பு இருந்தா முதல்ல அதை அடைக்கச் சொல்லுங்க, இல்லன்னா மழைக்கு ஒழுகும்.

வியாசர்பாடி_ரவி:
எங்க வீடு சிமெண்ட் ஷீட். அதுக்கும் இதே பூச்சு அடிக்கலாமா? அப்பாவுக்கு 68, அவருக்கும் நீர் மாத்திரைதான்.